விந்தணு எண்ணிக்கை ஒரு மில்லியனுக்கும் கீழே: கருவியலாளரிடம் கேள்வி பதில்

கேள்வி: என் கணவருக்கு விந்தணு எண்ணிக்கை ஒரு மில்லிலிட்டருக்கு 0.8 மில்லியன் என்று அறிக்கை வந்திருக்கிறது. ஐயூஐ பலன் தருமா?

பதில்: உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கையேடு குறிப்பிடும் கீழ்வரம்பு 16 மில்லியன், உங்கள் கணவருடையது அதில் இருபதில் ஒரு பங்கு. ஐயூஐ முறையில் விந்தணுக்களைக் கழுவிக் கருப்பைக்குள் செலுத்துவதோடு எங்கள் வேலை முடிந்துவிடும், கருமுட்டைவரை நீந்திச் செல்வது அவற்றின் பாடு. கழுவிய பின் நன்றாக நீந்துபவை சில மில்லியனாவது மிஞ்சாவிட்டால் வாய்ப்பு சொற்பமே. ஆயினும் ஒரே அறிக்கையை நம்பி முடிவெடுக்க வேண்டாம். ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாட்கள் ஆவதால், இரண்டு மாதங்களுக்கு முன் வந்துபோன கடுங்காய்ச்சல்கூட இன்றைய எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டக்கூடும்.

கேள்வி: ஐவிஎஃப், இக்ஸி இரண்டும் ஒன்றுதானா?

பதில்: கருமுட்டைகளை வெளியே எடுப்பதுவரை ஒன்றுதான். வழக்கமான ஐவிஎஃப்பில், அதாவது சோதனைக்குழாய் முறையில், கருமுட்டையைச் சுற்றி ஆயிரக்கணக்கான விந்தணுக்களை விடுவோம். எது நுழைகிறதோ அது. 1992இல் பிரஸ்ஸல்ஸ் மருத்துவர்கள் முதல் கர்ப்பங்களை அறிவித்த இக்ஸியிலோ, ஒரு கருமுட்டைக்கு உயிருள்ள ஒரு விந்தணு போதும். பிசுபிசுப்பான திரவத்துளியில் அதன் வேகத்தைத் தணித்து, கண்ணாடி ஊசியால் வாலை அழுத்தி அசைவை நிறுத்தி, வால்பக்கமாக ஊசிக்குள் இழுத்து, கருமுட்டையின் உள்ளே விடுவோம். உங்களைப் போன்றவர்களுக்கு ஒரு யோசனை: முன்கூட்டியே ஒன்றிரண்டு மாதிரிகளை உறைய வைத்துவிடுங்கள். கருமுட்டை எடுக்கும் நாளன்று மாதிரியில் ஒன்றுமே தென்படாமல், மொத்த ஆய்வகமும் துளித்துளியாகத் தேடிய காலைப்பொழுதுகள் உண்டு.

கேள்வி: உடற்பயிற்சிக் கூடத்தில் சொன்னார்கள் என்று ஒரு வருடம் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டேன். இக்ஸிதான் வழியா?

பதில்: அவசரப்படாதீர்கள். வெளியிலிருந்து அந்த ஹார்மோன் வந்தால், விரைகளை வேலை வாங்கும் எஃப்எஸ்எச், எல்எச் ஹார்மோன்களின் சுரப்பை மூளை அடக்கிவிடும். மருத்துவர் மேற்பார்வையில் ஊசியை நிறுத்தினால், பலருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் எண்ணிக்கை மீள்கிறது.

கேள்வி: விந்தணு இருக்கும்போது மரபணுப் பரிசோதனை எதற்கு?

பதில்: எண்ணிக்கை மிகக் குறைவாக உள்ளவர்களில் சிலருக்கு ஒய் குரோமோசோமின் ஒரு துண்டு விடுபட்டிருக்கும். ஏஇசட்எஃப்சி என்ற பகுதி விடுபட்டால் இக்ஸியில் குழந்தை பிறக்க வாய்ப்புண்டு, ஆனால் பிறக்கும் ஆண் குழந்தைக்கும் அதே குறை செல்லும். மாறாக, ஏஇசட்எஃப்ஏ அல்லது ஏஇசட்எஃப்பி பகுதி முழுவதும் விடுபட்டு விந்தணுவே இல்லாதவருக்கு, நுண்ணோக்கி வழியாக விரையில் தேடும் மைக்ரோ டெசி அறுவை சிகிச்சையும் பயன் தராது. வீண் கத்தியைத் தவிர்க்கவே அந்தப் பரிசோதனை.

கேள்வி: எதுவும் கைகூடாவிட்டால் என் தம்பியின் விந்தணுவைப் பயன்படுத்தலாமா? குடும்பத்தில் அனைவருக்கும் சம்மதம்.

பதில்: இந்தியாவில் இயலாது. 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி, தானம் பெறும் விந்தணு பதிவுபெற்ற வங்கி வழியாகவே வர வேண்டும். கொடுப்பவர் 21 முதல் 55 வயதுக்குட்பட்டவராகவும், உங்களுக்கு அடையாளம் தெரியாதவராகவும் இருப்பார். ஒருவருடைய விந்தணுவை ஒரு தம்பதிக்கு மேல் வழங்கவும் கூடாது.