லாரி வேலையை வைத்து ஊர் நிலவரம் சொல்ல முடியுமா?

கேள்வி: எங்கள் பக்கம் லாரி டிரைவர்களுக்கு வேலை குறைந்தால், மாவட்டமே படுத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா? (நாமக்கல் வாசகர்)

மற்ற ஊர்களுக்கு ஓரளவு சரி. நாமக்கல்லுக்கு அப்படியே பொருந்தாது. டிஎன் 28, டிஎன் 88, திருச்செங்கோட்டின் டிஎன் 34 என்று எண் போட்ட நேஷனல் பெர்மிட் வண்டிகள் மகாராஷ்டிரம், குஜராத் என்று சுற்றிக்கொண்டிருப்பவை. அங்கே லோடு கிடைக்காவிட்டால் இங்கே டிரைவர் வீட்டில் உட்காருகிறார். ஆக, உங்கள் ஊர் டிரைவரின் வேலை நாட்டின் சரக்கு ஓட்டத்தைத்தான் முதலில் சொல்கிறது.

ஊரின் நாடியைப் பிடிக்க நான் போவது பாடி கட்டும் பட்டறைக்கு. ஓசூரிலிருந்து வெறும் சேஸாக, அதாவது பாடி கட்டாத அடிச்சட்டமாக வரும் வண்டியைப் பார்த்திருப்பீர்கள். கதவு இல்லை, முன்கண்ணாடி இல்லை. ஓட்டி வருபவர் முகத்தில் துண்டைச் சுற்றியிருப்பார். அது பட்டறைக்குள் நுழைந்துவிட்டால் வெல்டர், தச்சர், பெயிண்டர், எலக்ட்ரீஷியன், தார்ப்பாய் தைப்பவர், பக்கத்து டீக்கடைக்காரர் என்று வரிசையாக ஒவ்வொருவர் கையிலும் காசு புரளும். 'வாசலில் எத்தனை சேஸ் காத்து நிற்கிறது?' என்று மேஸ்திரியிடம் கேளுங்கள். டிரைவர்களை எண்ணுவதைவிட அது நல்ல கணக்கு.

கேள்வி: அப்படியென்றால் பட்டறையில் வேலை குறைந்தால் சரக்கே குறைந்துவிட்டது என்று அர்த்தமா?

அவசரப்படாதீர்கள். 2018 ஜூலையில் லாரிகள் ஏற்றக்கூடிய எடையை மத்திய அரசு 20 முதல் 25 சதவீதம் வரை உயர்த்தியது. ஓடிக்கொண்டிருந்த வண்டிகளே கூடுதலாக இழுக்கலாம் என்றானதும் புது வண்டிக்கான தேவை குறைந்தது. அதோடு ஃபைனான்ஸ் கிடைப்பதும் இறுகியது, நாட்டில் மந்தமும் சேர்ந்தது. 2018-19ல் 10 லட்சத்தைத் தாண்டியிருந்த வர்த்தக வாகன விற்பனை, அடுத்த ஆண்டே 7.2 லட்சத்துக்குக் கீழே போனது. இதில் மந்தத்தின் பங்கு எவ்வளவு, விதி மாறியதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது. வேலையிழந்த வெல்டருக்கு இரண்டும் ஒன்றுதான். கணக்குப் போடும் நமக்கு அப்படியல்ல.

கேள்வி: எங்கே பார்த்தாலும் 'டிரைவர் தேவை' என்று எழுதிப் போட்டிருக்கிறார்கள். தொழில் செழிப்பாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

இல்லை. டிரைவருக்குக் கொடுக்கும் பேட்டா (படிக்காசு) உயர்ந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். உயராமல் பலகை மட்டும் தொங்கினால், ஆள் வரவில்லை என்றுதான் பொருள். முன்பு கிளீனராக ஏறியவர், வண்டியிலேயே தொழில் கற்று ஸ்டீயரிங்கைப் பிடித்தார். செலவைக் குறைக்க இன்று பல வண்டிகள் கிளீனர் இல்லாமலே கிளம்புகின்றன. அடுத்த டிரைவர் எங்கிருந்து வருவார்? எனக்கு இதில்தான் பெரிய கவலை.

கேள்வி: வீட்டிலிருந்தபடியே பார்க்க என்ன புள்ளிவிவரம் இருக்கிறது?

இ-வே பில், அதாவது சரக்கோடு போகும் ஜிஎஸ்டி மின்சீட்டு. 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மாநிலம் விட்டு மாநிலம் போக அது வேண்டும். இது 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. மாதாமாதம் எண்ணிக்கை வருகிறது. எந்த ஆர்டிஓ அலுவலகத்தில் எத்தனை வண்டி பதிவானது என்பதை அரசின் வாகனப் பதிவு இணையதளமான வாகன் தளத்தில் பார்க்கலாம். எத்தனை பேருக்கு வேலை இருக்கிறது என்பதற்கு பிஎஃப் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். ஒன்றிரண்டு வண்டி வைத்திருக்கும் முதலாளியிடம் ஓட்டுபவர் பெரும்பாலும் அந்தக் கணக்கிலேயே வரமாட்டார்.

கேள்வி: கேஸ் டேங்கர்களையும் சேர்த்துக்கொள்ளலாமா?

வேண்டாம். அவை எண்ணெய் நிறுவனங்களின் ஒப்பந்தத்தில் ஓடுகின்றன. மந்தம் வந்தாலும் வீட்டில் அடுப்பு எரிந்தாக வேண்டும், அதனால் அந்த ஓட்டம் அவ்வளவாகக் குறையாது. டேங்கர் டிரைவர்களைத் தனி வரியில் எழுதுங்கள். லோடு லாரிக்காரர்களோடு கூட்டினால் சரிவே கண்ணில் படாது.