ஃபால்ஸ்னு போட்டும் பில் அடிக்குதே!

கேள்வி: சார், ஒரு துணிக்கடைக்கு பைத்தான்ல பில்லிங் சாஃப்ட்வேர் பண்ணிக் குடுத்திருக்கேன். செட்டிங்ஸ் எல்லாம் ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல இருக்கும், கடைக்காரரே நோட்பேட்ல மாத்திக்குவார். 'ஆட்டோபிரின்ட்'டுக்கு நேரா ஃபால்ஸ்னு போட்டும் பில் தானா அடிச்சுக்கிட்டே இருக்கு, பேப்பர் ரோல் காசை யார் குடுப்பான்னு திட்றார். என்ன பண்றது?
- வாசகர், ஈரோடு

பதில்: ஃபைல்ல இருந்து எடுத்ததை அப்படியே பூல் ஃபங்ஷனுக்குள்ள (எதைக் குடுத்தாலும் ட்ரூவா ஃபால்ஸான்னு மாத்தித் தர்றது) போட்டிருப்பீங்க, அதான். ஃபைல்ல இருந்து வர்றது வெறும் ஸ்ட்ரிங், அதாவது எழுத்துக் கோர்வை தம்பி, காலியா இல்லாத எந்த ஸ்ட்ரிங்கும் பைத்தானுக்கு ட்ரூ தான், உள்ள 'ஃபால்ஸ்'னே எழுதியிருந்தாலும் சரி. செட்டிங்ஸ் ஃபைலைப் படிக்க பைத்தான் கூடவே வர்ற கான்ஃபிக்பார்சர்ல கெட்பூலியன்னு ஒண்ணு இருக்கு, அது எஸ் நோ, ஆன் ஆஃப், ட்ரூ ஃபால்ஸ், 1 0 இதெல்லாம் புரிஞ்சுக்கும், வேற எதாவது இருந்தா வேல்யூ எரர் குடுத்துடும்.

செட்டிங்ஸ் எழுதற இன்னொரு ஃபார்மட்டான யாமலுக்கு மாத்திடுன்னு யாராச்சும் சொல்லுவாங்க, அங்க வேற கூத்து. பழைய 1.1 விதிப்படி மேற்கோள் குறி இல்லாம 'நோ'ன்னு போட்டா ஃபால்ஸ் ஆயிடும், நாடுகளோட ரெண்டெழுத்து கோட் லிஸ்ட் போட்டா, நார்வே கோட் NO-ங்கிறதால நார்வேயே காணாம போயிடும்! 2009ல வந்த 1.2ல இதைச் சரி பண்ணிட்டாங்க, ஆனா யாமல் படிக்க பைத்தான்காரங்க வழக்கமா போடற பையாமல் லைப்ரரி இன்னும் பழசையே பிடிச்சுக்கிட்டு இருக்கு.

டைப் (நம்பரா, எழுத்தா, ட்ரூ-ஃபால்ஸாங்கிறது) சரியா வந்துட்டா வேலை முடிஞ்சுதுன்னும் விட்டுடாதீங்க. ஜிஎஸ்டிக்கு 5னு போட வேண்டிய இடத்துல அவர் 0.05னு போட்டா அதுவும் நம்பர் தானே, செக் பாஸ் ஆயிடும், 1000 ரூபா சேலைக்கு 50 ரூபா வரிக்குப் பதிலா 50 பைசா விழும், ஆடிட்டர் கண்ல படற வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது. அதனால என்னென்ன ரேட் வரலாம்னு லிஸ்ட் வெச்சு அதுல இருந்தா மட்டும் ஏத்துக்கோங்க. செட்டிங் பேர்லயே ஒரு எழுத்து மாறிப்போச்சுன்னா நிறைய பேர் கண்டுக்காம சாஃப்ட்வேர்ல முன்னாடியே வெச்ச டீஃபால்ட்டை எடுத்துப்பாங்க, எனக்கு அதுல கோவமே வரும், தெரியாத பேரு வந்தா நிறுத்துங்க. பைத்தானோட டிஃப்லிப் மாட்யூல்ல கெட் குளோஸ் மேட்சஸ்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு, 'இதையா சொல்றீங்க'ன்னு கிட்டத்துல இருக்கிற பேரைக் காட்டலாம்.

இதெல்லாம் சாஃப்ட்வேர் ஓப்பன் ஆகும்போதே நடக்கணும், கஸ்டமர் கவுண்டர்ல நிக்கும்போது இல்ல. தப்பு மூணு இருந்தா மூணையும் ஒரே தடவைல காட்டுங்க, அதுவும் நம்ம பாஷைல: "7வது லைன்ல ஆட்டோபிரின்ட்டுக்கு 'வேணாம்'னு இருக்கு, எஸ் இல்லைன்னா நோ போடுங்க."

பேப்பர் ரோல் காசு? இந்த மாசத்துது நீங்க தான் குடுக்கணும்.