மூன்றுக்கு மூன்று: பி6 ஆடியும் ஜெயிக்க முடியவில்லையே?

கேள்வி: ஒரு சதுரங்கப் புதிர் (கட்டத்தின் பெயரில் எழுத்து நெடுவரிசை, எண் குறுக்குவரிசை). வெள்ளை ராஜா எஃப்3, சிப்பாய்கள் ஏ5, பி5, சி5. கறுப்பு ராஜா ஜி5. சிப்பாய்கள் ஏ7, பி7, சி7. வெள்ளை ஆடி ஜெயிக்க வேண்டும். விடை பி6 என்று போட்டிருக்கிறார்கள். ஆடிப் பார்த்தேன். கறுப்பு ஏ சிப்பாயால் வெட்டியது. நானும் ஏ சிப்பாயால் வெட்டினேன். அது சி சிப்பாயால் வெட்ட, நானும் வெட்டினேன். மிஞ்சிய சிப்பாய் பி6-இல் முடங்கிவிட்டது. எங்கே தவறினேன்?

பதில்: இரண்டாவது நகர்வில். பி6-இல் கொடுத்த சிப்பாயைத் திரும்ப வாங்கப் பார்த்தீர்கள். அதனால் பி7 அப்படியே நின்றுவிட்டது. கறுப்பு ராஜா எஃப்6, ஈ6, டி6 என்று வந்து உங்கள் சிப்பாயைத் தின்றுவிடும். பலி கொடுப்பதே எதிரிச் சிப்பாய்களை வரிசை விட்டு இழுக்கத்தான்.

கறுப்பு ஏ சிப்பாயால் வெட்டியதும் சி6! இரண்டாவது பலி. அடுத்து பி7-ஐ வெட்டி, கடைசி வரிசையான பி8-இல் ராணியாவேன் என்ற மிரட்டல் இருப்பதால் பி7 சிப்பாய் சி6-ஐ வெட்டியே ஆக வேண்டும். இப்போது ஏ6 தள்ளுங்கள். தடுக்க ஏ7-உம் இல்லை, பி7-உம் இல்லை. முதலில் சி சிப்பாயால் வெட்டினால் அப்படியே தலைகீழ்: ஏ6! பி7 அதை வெட்டும், சி6 ஓடும். கறுப்பு எந்தப் பக்கத்திலிருந்து வெட்டுகிறதோ, அதற்கு எதிர்ப்பக்கச் சிப்பாயைத் தள்ள வேண்டும். அவ்வளவு அழகான கணக்கு இது!

கேள்வி: கறுப்பு ராஜா எஃப்5-இல் இருந்தாலும் இதே விடைதானா?

பதில்: இல்லை. ஒரு கட்டம் எல்லாவற்றையும் மாற்றிவிடும். ஏ சிப்பாயால் வெட்டினால் அப்போதும் கறுப்பு தோற்கும், ஏ6 சிப்பாய் அதன் ராஜாவுக்கு வெகுதூரம். ஆனால் விவரம் தெரிந்தவர் சி சிப்பாயால் வெட்டுவார். ஏ6, வெட்டு, சி6 என்றதும் ராஜா ஈ6, சி7-க்கு டி7. சிப்பாய் மாட்டிக்கொண்டது. ராஜா ஜி5-இல் இருந்தால் எஃப்6 வரும், சி7-க்கு ஈ7 வரும், அதற்குள் சி8-இல் ராணி. ஆகவே பி6 ஆடும் முன் இரண்டு வெட்டையும் தனித்தனியாக எண்ணுங்கள்.

இதே நிலையில் கறுப்பின் முறையாக இருந்தால் அதுவே பி6 தள்ள வேண்டும், உடைப்பு (பலி கொடுத்துச் சிப்பாய்க்கு வழி திறப்பது) நடக்காது. கறுப்பு ஏ6 என்றால் வெள்ளையின் சி6 உடைக்கும், கறுப்பு சி6 என்றால் வெள்ளையின் ஏ6 உடைக்கும்.