சுண்டுவிரல் இருக்கட்டும், முதலில் காலைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு 37 வயது. மதுரையில் வீட்டிலிருந்தே இன்சூரன்ஸ் க்ளெய்ம் சரிபார்க்கும் வேலை. காலை எட்டரைக்கு லாகின் செய்தால் முடிக்க இரவு எட்டு ஆகிவிடும். சாப்பாடும் லேப்டாப் முன்னால்தான். மூன்று வாரமாக இடது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் அவ்வப்போது மரத்துப்போகின்றன. ஐந்து நாளாக இடது கெண்டைக்கால் வீங்கி, கனத்து வலிக்கிறது. கண் எரிச்சல், கழுத்துவலி, மாலையானால் தலைவலி வேறு. அப்பாவுக்கு 54 வயதில் பக்கவாதம் வந்தது, அவருக்கும் இடது பக்கம்தான். நெட்டில் பார்த்தால் எல்லாம் பொருந்துகிறது. பயத்தில் அப்பாவின் ஆஸ்பிரினை நானும் தினம் ஒன்று போடுகிறேன். காலுக்கு மாமியார் எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிடுகிறார். வேறு மருந்து எதுவும் கிடையாது. சித்திரைத் திருவிழாவுக்கும், அப்புறம் நாத்தனார் வீட்டு கிரகப்பிரவேசத்துக்கும் நாள் தள்ளிப்போக மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டதோடு சரி. எனக்கும் பக்கவாதம் வருமா?

பதில்: காலுக்கு எண்ணெய் தேய்ப்பதை இன்றே நிறுத்துங்கள். இன்றே மருத்துவமனைக்குப் போய் அந்தக் காலுக்கு டாப்ளர் ஸ்கேன், அதாவது ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கேன், எடுங்கள். இந்தப் பதில் வெளியாகும்வரை நீங்கள் காத்திருக்கக் கூடாது என்பதால் இதைத் தனியாகவும் உங்களுக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன். உங்களைப் போலவே நாற்காலியை விட்டு எழாமல் வேலை செய்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

கை, கால் இரண்டும் இடது பக்கமாக இருப்பதுதான் உங்களைப் பயமுறுத்துகிறது. அப்பாவைப் பக்கத்திலிருந்து பார்த்த பிள்ளைக்கு அந்தப் பயம் வருவது இயல்பு. ஆனால் இவை இரண்டும் தனித்தனிப் பிரச்சினைகள். முழங்கை எங்காவது இடித்துக்கொண்டால் ஷாக் அடித்ததுபோல் விரல்வரை சுரீரென்று ஓடுமே, அந்த நரம்புதான் சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலின் பாதிக்கும் போகிறது. நாள் முழுக்க முழங்கையை மேசை விளிம்பில் ஊன்றியிருந்தால் அது நசுங்கும், விரல் மரக்கும். முழங்கைக்கு அடியில் ஒரு துண்டை மடித்து வையுங்கள். கையில் பிடி தளர்ந்தாலோ, மரத்துப்போவது நிரந்தரமாகத் தங்கினாலோ மட்டும் நரம்பு மருத்துவரிடம் காட்டுங்கள். பக்கவாதம் பெரும்பாலும் திடீரென்று வரும். வாய் கோணும், ஒரு கை தூக்க முடியாமல் துவளும், பேச்சு குழறும். அப்படி நேர்ந்தால் உடனே 108. கெண்டைக்கால் வீங்குவது அதன் அறிகுறி ஆகாது.

கண் எரிச்சல், திரையைப் பார்த்தபடி இமைக்க மறப்பதால். கழுத்துவலியும் மாலைத் தலைவலியும் குனிந்தே இருப்பதால். இவற்றுக்கு இப்போது ஸ்கேன் தேவையில்லை.

இனி காலுக்கு வருகிறேன். காலிலிருந்து ரத்தம் மேலே இதயத்துக்கு ஏற வேண்டும். நடக்கும்போது கெண்டைச்சதை இறுகி இறுகி அந்த ரத்தத்தைப் பிழிந்து மேலே தள்ளுகிறது. நீங்கள் பத்துப் பதினொரு மணி நேரம் உட்கார்ந்தே இருந்தால் அந்தப் பிழிதல் நின்றுபோகிறது, ரத்தம் தேங்குகிறது. தேங்கிய ரத்தம் ஆழத்தில் உள்ள சிரையில் கட்டியாக உறைந்துவிடலாம். அந்தக் கட்டி அங்கேயே கிடந்தால் வலியும் வீக்கமும்தான். பிய்ந்து நுரையீரலுக்குப் போய் அடைத்தால் உயிரே போகலாம். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கட்டியைத்தான், இருக்கும் பட்சத்தில், உங்கள் மாமியார் அன்போடு அமுக்கிக்கொண்டிருக்கிறார். அவரைக் குறை சொல்லவில்லை, அவருக்கு எப்படித் தெரியும்?

உட்கார்ந்திருப்பதால் மட்டுமே இது வருமா என்று கேட்பீர்கள். 1940இல் லண்டனில் குண்டுவீச்சுக்குப் பயந்து பதுங்கிடங்களில் சாய்வு நாற்காலியிலேயே இரவெல்லாம் கிடந்தவர்களில் சிலர் இப்படித்தான் இறந்தார்கள். நாற்காலியின் முன்கட்டை தொடையின் அடியில் அழுத்தியதும் ஒரு காரணம் என்று அப்போதே மருத்துவர்கள் எழுதினார்கள். 2003இல் நியூசிலாந்திலிருந்து மருத்துவ இதழில் ஒரு நோயாளியைப் பற்றி எழுதியிருந்தார்கள். வயது 32, தினமும் சுமார் பன்னிரண்டு மணி நேரம் கம்ப்யூட்டர் முன்னால். முதலில் கெண்டைக்கால் வீங்கியது, அப்புறம் மூச்சு வாங்கியது, கடைசியில் மயங்கி விழுந்தார். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். உட்கார்ந்து வேலை செய்கிற எல்லோருக்கும் இது வரும் என்று சொல்லவில்லை. இது அபூர்வம்தான். ஆனால் உங்களுக்கு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது.

‘வேறு மருந்து எதுவும் கிடையாது’ என்று எழுதிவிட்டு, போகிற போக்கில் நாள் தள்ளிப்போடும் மாத்திரையைச் சொல்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். அதற்காக மெடிக்கல்களில் பெரும்பாலும் தருவது நாரெத்திஸ்டிரோன் என்ற ஹார்மோன். உடலுக்குள் போனதும் அதில் ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. ஈஸ்ட்ரோஜன் ரத்தம் உறையும் போக்கைக் கூட்டும். திருவிழா, கல்யாணம், கோயில் பயணம் என்றால் மிட்டாய் வாங்குவதுபோல் இதை வாங்கிப் போடும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. கேட்டதும் எடுத்துக் கொடுக்கிற கடைக்காரரும் ‘முன்னே ரத்தக்கட்டு வந்திருக்கிறதா, வீட்டில் யாருக்காவது இருந்ததா’ என்று விசாரிப்பதில்லை. எனக்கு இதில் பொறுமை கிடையாது. ஒரு விசேஷத்துக்காக ஒரு பெண் தன் உயிரைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. தள்ளிப்போட்டே ஆக வேண்டும் என்றால் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

ஆஸ்பிரினும் வேண்டாம். ‘ரத்தம் உறையாத மாத்திரைதானே, நல்லதுதானே’ என்று நினைத்திருப்பீர்கள். ஆழ்சிரையில் கட்டி இருந்தால் அதற்கு வேறு வகை மருந்து தேவை, அப்பாவின் ஆஸ்பிரின் அந்த வேலையைச் செய்யாது. வயிற்றைப் புண்ணாக்கும், எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையைக் கொடுத்து உங்களை வீட்டிலேயே உட்கார வைக்கும். ஐந்து நாள் அப்படித்தான் போயிருக்கிறது.

தையல் டேப் இருந்தால், முட்டிக்குக் கீழே துருத்தும் எலும்பிலிருந்து பத்து சென்டிமீட்டர் இறக்கி இரண்டு கெண்டைக்கால்களின் சுற்றளவையும் பாருங்கள். மூன்று சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சந்தேகம் வலுக்கும். குறைவாக இருந்தாலும் போகாமல் இருக்காதீர்கள். டாப்ளரில் ஊசி இல்லை, வலி இல்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் எடுக்கிறார்கள். கட்டி இருந்தால் பொதுவாக மூன்று மாதமாவது மாத்திரை, நேரத்தில் ஆரம்பித்தால் பெரும்பாலானவர்கள் நன்றாகத் தேறிவிடுகிறார்கள். இல்லை என்றால், வீக்கத்துக்கு வேறு என்ன காரணம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு திரும்பலாம். வழியிலோ வீட்டிலோ திடீரென்று மூச்சு வாங்கினாலோ, மூச்சை இழுக்கும்போது நெஞ்சு குத்தினாலோ, சளியில் ரத்தம் வந்தாலோ, மயக்கம் வந்தாலோ ஆட்டோ தேட வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள்.

லாகினைப் பற்றிக் கவலை வேண்டாம், இன்றைக்கு லீவு சொல்லிவிடுங்கள். கிளம்பும்போது அந்த மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு போய், எத்தனை நாள் போட்டீர்கள் என்பதை அவர்கள் கேட்கும் முன்பே சொல்லுங்கள்.