பல்லின் காவியும் அலுமினியப் பாத்திரமும்

கேள்வி: அமெரிக்காவில் பல் சொத்தை வராமலிருக்கக் குடிநீரில் புளோரைடு கலக்கிறார்கள் என்று என் மகள் படித்துச் சொல்கிறாள். எங்கள் பகுதியிலோ அதே புளோரைடால்தான் பல்லில் காவி ஏறுகிறது, வயதானவர்களுக்கு மூட்டு இறுகுகிறது என்கிறார்கள். அறிவியல் ஊருக்கு ஊர் மாறுமா?
– வாசகர் ஒருவர், பென்னாகரம்

பதில்: மாறாது, மாறுவது அளவுதான். லிட்டருக்கு 1 மில்லிகிராம் அளவில் சொத்தையைத் தடுக்கும் புளோரைடு, உலக சுகாதார நிறுவனம் வகுத்த 1.5 மில்லிகிராம் வரம்பை மிஞ்ச மிஞ்ச முதலில் பல்லையும், மிக அதிகமான அளவில் பல்லாண்டுகள் உடலில் சேர்ந்தால் எலும்பையும் பாதிக்கிறது.

இது தெரியவந்த கதை விசித்திரமானது. 1901இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகருக்குத் தொழில் செய்யச் சென்ற பல் மருத்துவர் பிரடெரிக் மெக்கே, அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களின் பற்களில் பழுப்புக் கறை இருப்பதையும், வளர்ந்தபின் குடியேறியவர்களுக்கு அது இல்லாததையும் கவனித்தார். தண்ணீரின் மீதுதான் அவருக்குச் சந்தேகம். ஆனால் புளோரைடைத் தேட வேண்டுமென்று எவருக்கும் தோன்றாததால் பரிசோதனைகளில் எதுவும் அகப்படவில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து, 1931இல், அதைக் கண்டறிந்தவர் அல்கோவா என்ற அலுமினிய நிறுவனத்தின் வேதியியலாளர் சர்ச்சில். அலுமினியப் பாத்திரத்தில் சமைப்பது நஞ்சு என்ற பேச்சு பரவியிருந்த காலம் அது. நிறுவனத்தின் சுரங்க ஊரான பாக்சைட்டிலும் குழந்தைகளுக்குக் கறை இருந்ததால், பழி அலுமினியத்தின் தலையில் விழுமோ என்று அஞ்சியே அவ்வூர்த் தண்ணீரை ஆராய்ந்தார்கள். வியாபாரத்தைக் காக்கப் புறப்பட்ட ஆய்வு உண்மையைக் கொண்டுவந்து சேர்த்தது. அறிவியல் வரலாற்றில் இது அப்படியொன்றும் அபூர்வமில்லை.

புளோரைடு ஓரளவு உள்ள ஊர்களில் சொத்தை குறைவு என்பது அதன்பின் தெரிந்து, 1945இல் கிராண்ட் ராபிட்ஸ் நகரக் குடிநீரில் அதைக் கலக்கத் தொடங்கினார்கள். நமக்கும் செய்தி தாமதமாக வரவில்லை. சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் புளோரைடு எலும்பையே பாதிப்பதை ஷார்ட் முதலிய மருத்துவர்கள் 1937இலேயே எழுதிவிட்டார்கள். ஆனால் உங்கள் மாவட்டத்துக்குக் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல்தான் செயல்பாட்டுக்கு வந்தது. இடைப்பட்ட காலத்தில், கிணறு வற்ற வற்ற நாம் போர்வெல்லை ஆழப்படுத்திக்கொண்டே போனோம். கருங்கல் பாறையின் இடுக்குகளில் நெடுங்காலம் தங்கிய நீரில், பாறையிலுள்ள கனிமங்களின் புளோரைடு கரைந்திருக்கும். எட்டாத நீரை எட்டவைத்த அதே பொறிதான் இதையும் மேலே கொண்டுவந்தது.

தண்ணீரைக் கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஆவியாவது நீர் மட்டுமே. புளோரைடு பாத்திரத்திலேயே தங்குவதால், நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடத்தான் செய்யும். பல் ஈறுக்குள் உருவாகும் பருவத்திலேயே கறை பதிந்துவிடுவதால், எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் உள்ள வீட்டில் குடிக்க மட்டுமின்றி உலை வைக்கவும் காவிரி நீரையே பயன்படுத்துங்கள். போர் தண்ணீர் துவைக்கவும் குளிக்கவும் இருக்கட்டும்.