இதயத்துடிப்பு சீரில்லை என்றால் கால்பந்து வீரர் ஏன் ஓய்வு பெற வேண்டும்?

அர்ஜென்டினாவின் செர்ஜியோ அகுவேரோ 2021 அக்டோபரில் பார்சிலோனாவுக்காக ஆடும்போது நெஞ்சில் அசௌகரியம் வந்து வெளியேறினார். டிசம்பரில், 33 வயதில், ஓய்வு. காரணம் அரித்மியா, அதாவது இதயம் தாளம் தப்பித் துடிப்பது.

இதயத்தின் மேல் வலது அறையில் உள்ள ஒரு சின்னத் திசு மின்துடிப்பை அனுப்பும். அதன்படிதான் எல்லா அறைகளும் முறைவைத்துச் சுருங்கும். அண்ணா சாலை சிக்னலை நினைத்துக்கொள்ளுங்கள். அது கெட்டுப்போனால் எல்லா வண்டியும் முண்டியடிக்கும், எதுவும் போய்ச் சேராது. இதயமும் அப்படித்தான்: துடிக்கும், ஆனால் ரத்தம் சரியாகப் போகாது. சிக்னல் இல்லாமல் விடியற்காலையில் சமாளித்துவிடலாம். மாலை 6 மணிக்கு? கால்பந்து வீரரின் இதயம் 90 நிமிடமும் அந்த மாலை நெரிசலில்தான் இருக்கிறது. வீட்டில் நன்றாக நடமாடுபவருக்கு மைதானம் ஆபத்தாவது இதனால்தான்.

எல்லாருக்கும் ஒரே முடிவு என்றில்லை. 2021இல் நடந்த யூரோ கோப்பையில் (ஐரோப்பிய நாடுகளின் கால்பந்துப் போட்டி) மைதானத்திலேயே சரிந்த டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன், இதயம் ஆபத்தாகத் தாளம் தப்பினால் சரிசெய்யும் கருவியை நெஞ்சில் பொருத்திக்கொண்டு 2022இல் திரும்பி வந்தார்.

அப்புறம், பலர் இதை மாரடைப்பு என்கிறார்கள். அது வேறு: அதில் அடைபடுவது ரத்தக் குழாய், இதில் கெடுவது மின்தாளம்.