அயல்நாட்டில் வீடு: கட்டுவதா, வாங்குவதா?

கேள்வி: தாய்லாந்தில் மனை வாங்கி வீடு கட்டிக்கொள்ள விரும்புகிறேன். கட்டிய வீட்டை வாங்குவதைவிட இது மலிவாக முடியுமா?

பதில்: செலவைக் கணக்கிடுவதற்கு முன், மனை யார் பெயரில் இருக்கும் என்பதைப் பாருங்கள். அந்நாட்டில் வெளிநாட்டவர் பொதுவாக நிலத்தைத் தம் பெயரில் வாங்க இயலாது. குடியிருப்புக்கென்றால் ஒரு தடவையில் 30 ஆண்டுகள் வரைதான் குத்தகைக்கு எடுக்கலாம். வீடு உங்கள் பெயரில் இருந்தாலும், அது நிற்கும் மண் உங்களுடையது அன்று. உள்ளூர்க்காரர் ஒருவர் பெயரில் நிலத்தை வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து இணங்காதீர்கள். அது சட்டவிரோதம், போட்ட பணம் முழுவதும் போய்விடும் ஆபத்தும் உண்டு. அடுக்குமாடிக் கட்டடங்களில் மொத்தக் குடியிருப்புப் பரப்பில் 49 விழுக்காடு வரை வெளிநாட்டவர் சொந்தமாக்கிக்கொள்ளலாம் என்பதால், அங்கே வாங்குவதே நல்லது என்பேன்.

கேள்வி: அப்படியானால் எந்த நாட்டிலும் வாங்குவதுதான் எளிதா?

பதில்: இல்லை. ஆஸ்திரேலியா, சில விலக்குகள் நீங்கலாக, வெளிநாட்டவர் பழைய வீடுகளை வாங்குவதற்கு 2025 ஏப்ரல் 1 முதல் 2027 மார்ச் 31 வரை தடை விதித்தது. காலி மனையை அனுமதியுடன் வாங்கலாம். ஆனால் 4 ஆண்டுகளுக்குள் வீட்டைக் கட்டி முடித்தாக வேண்டும்.

கேள்வி: வேலை நடக்கும்போது நான் அந்நாட்டில் இருக்க மாட்டேன். ஒப்பந்தக்காரர் அனுப்பும் படங்களைப் பார்த்துப் பணம் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். நான் தொலைவிலிருந்தே கட்டிய வீட்டில், ஓடு பதித்துப் பளபளத்த குளியலறையின் படம் வந்ததும் கடைசித் தவணையை அனுப்பிவிட்டேன். குடிபுகுந்த வாரத்திலேயே தண்ணீர் வடியாமல் கணுக்கால் வரை தேங்கியது. ஓடுகளைப் பெயர்த்து, கான்கிரீட்டைக் கொத்திப் பார்த்தபோதுதான், கழிவுநீர்க் குழாயைச் சரிவே இல்லாமல் பதித்திருந்தது தெரிந்தது. ஆகவே குழியை மண் மூடுவதற்கு முன்பும், கம்பி கட்டிக் கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்பும், சுவர் பூசுவதற்கு முன்பும், ஒப்பந்தக்காரரிடம் ஊதியம் பெறாத ஒரு பொறியாளர் நேரில் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாமல் எந்தத் தவணையும் போகக்கூடாது. பிரான்சில் வரைபடத்தோடு கூடிய தனிவீட்டு ஒப்பந்தங்களுக்குச் சட்டமே வரம்பு கட்டியிருக்கிறது: அடித்தளம் முடியும்போது மொத்த விலையில் 25 விழுக்காடு, சுவர்கள் எழுந்தபின் 40, கூரை மூடியபின் 60, அதுவரை கொடுத்த எல்லாத் தவணைகளையும் சேர்த்து இவற்றுக்கு மேல் கேட்க முடியாது. இத்தகைய சட்டம் இல்லாத நாட்டில், இதே வரம்புகளை உங்கள் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பழைய வீட்டை வாங்கும்போது வில்லங்கம் தவிர வேறென்ன பார்க்க வேண்டும்?

பதில்: அனுமதி பெற்ற வரைபடத்தை வாங்கி, அளவு நாடாவோடு அறை அறையாகச் சென்று ஒப்பிடுங்கள். பின்புறம் பிற்பாடு சேர்த்த அறை வரைபடத்தில் இல்லையென்றால், அதை முறைப்படுத்தும் அல்லது இடிக்கும் பொறுப்பு பல நாடுகளில் வாங்கியவர் தலையில்தான் விழும். எனவே முன்பணம் கொடுப்பதற்கு முன்பே விற்பவரைக் கொண்டு அதைச் சரிசெய்துவிடுங்கள்.